இரண்டு பெட்டிகள்

அடுத்த வீட்டில் ஓர் ஆழாக்குச் சர்க்கரை கடன் வாங்குகிறோம். நாலு நாள் கழித்துக் கடையிலிருந்து சர்க்கரை வந்ததும் ஓர் ஆழாக்கு அளந்து திருப்பிக் கொடுக்கிறோம். "நான் கொடுத்த சர்க்கரை இதுவல்லவே!" என்று அந்த வீட்டு அம்மாள் கேட்பதில்லை. ஆனால் சர்க்கரையைப் போட்டுக் கொடுத்த பித்தளைக் கிண்ணத்துக்குப் பதிலாக வேறொரு கிண்ணம் போய்விட்டால் அன்று மாலையே ஆள் வந்துவிடும். அளவு அதேதான், எடை அதேதான், பளபளப்புக்கூடக் கொஞ்சம் அதிகம் என்றெல்லாம் நாம் வாதாடலாம். பயனில்லை. அவள் கிண்ணத்தின் விளிம்பில் அவளுடைய மாமியார் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கிறது.

சர்க்கரைக்கு ஒரு நியாயம், கிண்ணத்துக்கு ஒரு நியாயம். முன்னதற்கு 'அதைப் போன்றது' போதும். பின்னதற்கு 'அதுவே' வேண்டும். இந்த வித்தியாசம் நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லோருக்கும் தெரியும். இதையே ஒரு யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கப் பெரிய பெரிய மேதைகள் பட்ட பாட்டைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். என்னை இதில் இழுத்துவிட்டவன் என் தங்கையின் மகன்.

அவன் ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் அது. ஏரியும் வயலுமாகக் கிடந்த பிரதேசம். 1998-இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை தன் முதல் வண்டிகளை விற்பனைக்கு அனுப்பியது. 2010-இல் ரெனோ, நிஸான் என்ற இரு கம்பெனிகளும் சேர்ந்து ஒரகடத்தில் ஓர் ஆலையைத் திறந்தன. 2012-இல் டைம்லர் லாரி ஆலை வந்தது. அடுத்த ஆண்டில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. பெரிய கோயிலைச் சுற்றிப் பூக்கடையும் தேங்காய்க் கடையும் முளைப்பதுபோல் இவற்றைச் சுற்றி உதிரிப்பாகக் கம்பெனிகள் எத்தனையோ முளைத்துவிட்டன. அப்படிப்பட்ட ஒரு சிறு கம்பெனியில் என் மருமகன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறான்.

ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குமேல் அவன் என் வீட்டுக்கு வந்தான். சாப்பிடச் சொன்னதற்குப் பசியில்லை என்றான். சிறிது நேரம் பத்திரிகையைப் புரட்டிவிட்டு, "மாமா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.

விஷயம் இதுதான். அவன் கம்பெனியில் சிறு சிறு பெட்டிகளில் பாகங்களை அடுக்கி ஒரு கார் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பிராக்கெட், நாலு போல்ட், நாலு வாஷர், ஒரு ரப்பர் உறை என்று ஜாபிதா இருக்கிறது. மேசைக்கு ஒரு பெண் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, ஸ்கேனரில் காட்டிப் பெட்டியில் போட வேண்டும். எடுத்துப் போட்ட பாகங்களையும் ஜாபிதாவையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் சமம் என்றால் பச்சை விளக்கு, இல்லையென்றால் சிவப்பு.

ஆரம்பத்தில் ஒரு தொந்தரவு இருந்தது. போல்ட்டுக்கு முன் வாஷரை எடுத்துவிட்டால் சிவப்பு எரிந்தது. பாகங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஜாபிதாவில் உள்ள வரிசைப்படி இல்லை என்பதுதான் குற்றம். பெட்டியைக் கவிழ்த்து முதலிலிருந்து அடுக்க வேண்டும். நாளைக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கு விழுந்துகொண்டே வந்தது. பெண்கள் இவனிடம் முறையிட்டார்கள். இவனும் இரக்கப்பட்டுப் புரோகிராமைத் திருத்தினான்.

"பெரிசா ஒண்ணும் பண்ணலை, மாமா. லிஸ்ட்னு இருந்ததை செட்னு மாத்தினேன். ஒரே ஒரு வார்த்தை. சிவப்பு எரியறது நின்னு போச்சு. எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க."

இரண்டு மாதம் கழித்துக் கார் ஆலையிலிருந்து புகார் வந்தது. சில பெட்டிகளில் போல்ட் மூன்றுதான் இருக்கிறதாம். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மேசையிலிருந்து வந்தவை. அங்கே இருந்தவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர். "பச்சை எரிஞ்சுது, அனுப்பினேன்" என்று அவர் சொன்னார். யந்திரம் பொய் சொல்லாது என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"யந்திரம் பொய்தான் சொல்லிச்சு, மாமா. நேத்து ராத்திரிதான் கண்டுபிடிச்சேன். அதுக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுத்தது நான்."

எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. அவன் போன பிறகு சில நாட்கள் இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் தத்துவஞானி 1716-இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு வேடிக்கையான சம்பவத்தைச் சொல்கிறார். ஹெரன்ஹவுஸன் அரண்மனைத் தோட்டத்தில் அவரும் இளவரசி ஸோஃபியும் இன்னொரு கனவானும் பேசிக்கொண்டிருந்தார்கள். அச்சாக ஒரே மாதிரி இரண்டு இலைகளைத் தம்மால் காட்ட முடியும் என்றார் அந்தக் கனவான். "எங்கே, காட்டுங்கள்!" என்றாள் இளவரசி. பாவம், அவர் தோட்டம் முழுவதும் ஓடி ஓடித் தேடியும் அகப்படவில்லை. உலகில் எவ்விதத்திலும் வேறுபடாத இரண்டு பொருள்கள் இல்லை என்பது லைப்னிட்ஸின் சித்தாந்தம்.

அந்தத் தத்துவஞானி இன்று ஒரகடத்துக்கு வந்தால் அவர் கையில் ஒரு தட்டு நிறைய போல்ட்டுகளைக் கொடுப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவையும் ஒன்றுக்கொன்று வேறுபடத்தான் செய்யும். ஆனால் ஒரு மில்லிமீட்டரில் இன்ன பங்குக்கு உட்பட்ட வித்தியாசத்தை வித்தியாசமாகக் கொள்வதில்லை என்று ஆலைக்காரர்கள் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்திருக்கிறார்கள். எதைக் கண்டுகொள்வது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று முடிவு கட்டிய பிறகுதான் இரண்டு பொருள்கள் சமமாகின்றன.

ஒற்றைப் பொருளுக்கே இப்படி என்றால், பல பொருள்கள் சேர்ந்த தொகுதிக்கு இன்னும் சிக்கல் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேன்டர் என்ற ஜெர்மன் கணித மேதை, தொகுதிகளைப் பற்றி ஒரு தனிச் சாஸ்திரத்தையே தோற்றுவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்று 'கணங்கள்' என்ற பாடமாகப் படிப்பது அதுதான். 1908-இல் ஸெர்மேலோ என்பவர் அதற்கு அடிப்படை விதிகளை வகுத்தார். அவற்றில் முதல் விதி, ஒரே உறுப்புகளைக் கொண்ட இரண்டு கணங்கள் ஒன்றே என்பது.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? இதற்குள்தான் நம் போல்ட் ஒளிந்துகொண்டிருக்கிறது. "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். "அப்பா, அம்மா, நான், அப்பா" என்று சிறுவன் பதில் சொல்கிறான். அப்பாவை இரண்டு தடவை சொன்னதால் அந்த வீட்டில் இரண்டு அப்பாக்கள் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். கணத்தின் நியாயம் இதுவே. அதில் ஒரு பொருள் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் கேள்வி. எத்தனை முறை என்பது கேள்வியே அல்ல. முன்பின் வரிசையும் கிடையாது. கம்ப்யூட்டர்க்காரர்கள் 'செட்' என்று சொல்வது இந்தக் கணத்தைத்தான். போல்ட்டின் எண்ணை நாலு தடவை காட்டினாலும், மூன்று தடவை காட்டினாலும், ஒரே தடவை காட்டினாலும் அதற்கு ஒன்றுதான். 1908-இல் ஜெர்மனியில் வெளியான ஒரு விதி ஒரகடத்தில் ஒரு போல்ட்டை விழுங்கிவிட்டது. விதியின்மேல் பிழையில்லை. கேட்கக் கூடாத இடத்தில் அதைக் கேட்டதுதான் பிழை.

கம்ப்யூட்டர்களுக்கு இந்தச் சங்கடம் வெகு நாளாகவே தெரியும். 1960-இல் ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'லிஸ்ப்' என்ற கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே சமம் பார்க்க இரண்டு தனித் தனிச் சொற்கள் வந்துவிட்டன. பிரிக்க முடியாத இரண்டு சிறு துண்டுகள் ஒன்றேதானா என்று பார்க்க ஒரு சொல். ஒரு தொகுதியைத் திறந்து, அதற்குள் இருக்கும் தொகுதியையும் திறந்து, அடிவரை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சொல்.

பிறகு நார்வே தேசத்தில் ஒரு பெரிய மாறுதல் நடந்தது. ஆஸ்லோ நகரில் உள்ள நார்வேக் கணிப்பு நிலையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்களும் யந்திரங்களும் வரிசையில் காத்திருந்து காரியம் நடப்பதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்காக 1967-இல் அவர்கள் செய்த 'சிமுலா' என்ற மொழியில், ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு யந்திரத்தையும் தனக்கென்று குணங்களும் செயல்களும் கொண்ட ஒரு 'பொருளாக' வைத்தார்கள். பொருளை மையமாக வைத்துப் புரோகிராம் எழுதும் முறை அங்கே பிறந்தது. அந்த மொழியிலும், மதிப்பு சமமா என்று கேட்க ஓர் அடையாளமும், இது அந்தப் பொருளேதானா என்று கேட்க வேறோர் அடையாளமும் தனித் தனியே இருந்தன. சர்க்கரையும் கிண்ணமும்தான்!

அடுத்து அமெரிக்காவில் ஸெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 'ஸ்மால்டாக்' என்ற மொழி உருவாயிற்று. 1983-இல் அடீல் கோல்ட்பர்க், டேவிட் ராப்ஸன் என்ற இருவரும் அதைப் பற்றி விரிவான புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். அந்த மொழியில் தொகுதிகளுக்குப் பல ஜாதிகள் உண்டு. முன்பின் வரிசையை மறக்காதது ஒன்று. 'செட்' ஒன்று. 'பை' என்று ஒன்று. இந்தப் பைக்கு வரிசை முக்கியமில்லை. ஆனால் எண்ணிக்கை முக்கியம். சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருகிற பை எப்படியோ அப்படித்தான். கத்தரிக்காய் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நாலு தேங்காய் வாங்கச் சொன்னால் நாலு இருக்க வேண்டும். என் மருமகனுக்கு வேண்டியிருந்தது இந்தப் பைதான்.

ஆனால் அவன் எழுதுவது 'ஜாவா' மொழியில். 1995-இல் வெளிவந்தது அது. தொகுதிகளுக்கான ஒழுங்குமுறை 1998-இல் ஜோஷுவா பிளாக் என்பவர் தலைமையில் அதில் சேர்ந்தது. அந்தச் சரக்கறையில் லிஸ்ட் உண்டு, செட் உண்டு, பை கிடையாது. வேண்டுமானால் நாமே தைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வெளியிலிருந்து வாங்கி வர வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஒரு லிஸ்ட் ஒருநாளும் ஒரு செட்டுக்குச் சமமாகாது என்று அங்கே விதி. இரண்டும் வெறும் காலிப் பெட்டிகளாக இருந்தாலும் சமமில்லை! ஏதோ சம்பந்திச் சண்டை மாதிரித் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது. லிஸ்ட்டு கேட்கிற கேள்வி வேறு, செட்டு கேட்கிற கேள்வி வேறு. கேள்வி ஒன்றாக இல்லாதபோது பதில் ஒன்றாக இருந்து என்ன பயன்?

அந்த மொழி இன்னும் ஒன்று சொல்கிறது. சமம் என்ற சொல்லுக்கு நீ என்ன அர்த்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் மூன்று முக்கியமான கட்டுப்பாடுகளை மீறாதே. எந்தப் பொருளும் தனக்குத் தான் சமமாக இருக்க வேண்டும். இது அதற்குச் சமமென்றால் அதுவும் இதற்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு பொருள்கள் சமமாகி, இரண்டாவது மூன்றாவதற்கும் சமமானால், முதலாவதும் மூன்றாவதற்குச் சமமாக வேண்டும். கடைசிக் கட்டுப்பாட்டின் சாரத்தை யூக்ளிட் சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். நடுவில் உள்ளதைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். "அவனை நான் எனக்குச் சமமாகத்தான் நடத்துகிறேன்" என்று சொல்லும் பெரிய மனிதர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த 'அவன்' வாயால் அதே வாக்கியத்தைச் சொல்ல அவர்கள் விடுவார்களா? கம்ப்யூட்டர் அதைச் சமம் என்று ஒப்புக்கொள்ளாது.

முக்கியமான விஷயத்தை இனிமேல்தான் சொல்ல வேண்டும். ஜாவாவில் நாம் புதிதாக ஒரு பொருளை வகுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டால், யந்திரம் தானாகக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'இது அதுவேதானா?' 'அதைப் போன்றதா?' என்ற கேள்வியை மனிதன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த அம்சத்தில் போன்றது என்பதையும் அவன்தான் முடிவு செய்ய வேண்டும். பச்சை விளக்குக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதனின் முடிவு இருக்கிறது.

ஒரகடத்தில் இந்த முடிவுகளையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம் என்று மருமகன் சொன்னான். கார்களுக்கு இருக்கைகள் அனுப்புகிறவர்கள், ஆலையில் வண்டிகள் வரும் வரிசைப்படியே இருக்கைகளையும் ஏற்றி அனுப்ப வேண்டும். மூன்றாவது வண்டிக்குரியது நாலாவதாக வந்தால் சிவப்பு வண்டிக்குள் வேறு வண்டியின் இருக்கை போய் உட்கார்ந்துவிடும். அங்கே லிஸ்ட்தான் சரி. கிடங்கில் என்னென்ன ரகச் சாமான்கள் வைத்திருக்கிறோம் என்று பார்க்க செட் போதும். போல்ட் பெட்டிக்குப் பை. தயாரான காருக்கோ, அடிச்சட்டத்தில் பதினேழு எழுத்தும் இலக்கமுமாகப் பொறித்த எண் இருக்கிறது. அது கிண்ணத்து விளிம்பில் வெட்டிய மாமியார் பெயர். அந்த வண்டி அந்த வண்டியேதான்.

அந்த ஒரகடம் ஆலையிலேயே இரட்டைப் பிள்ளைகளும் பிறந்ததுண்டு. 2010-இல் நிஸான் மைக்ரா என்ற கார் விற்பனைக்கு வந்தது. 2012-இல் ரெனோ பல்ஸ் வந்தது. எஞ்சின், உடல்கூடு எல்லாம் பெரும்பாலும் ஒன்றே. முகப்பும் சின்னமும் வேறு. நிஸான் ஸன்னிக்கு அப்படியே ரெனோ ஸ்காலா. இவை சமமா? பழுது பார்க்கிறவரைக் கேட்டால் சமம் என்பார். வாங்கினவரைக் கேட்டால் கோபித்துக்கொள்வார். இருவரும் பொய் சொல்லவில்லை.

பக்கத்தில்தானே ஸ்ரீபெரும்புதூர்? ராமானுஜர் 1017-இல் அவதரித்ததாகச் சொல்லும் ஊர். அங்கே இருப்பது 'தான் உகந்த திருமேனி'. மேல்கோட்டையில் 'தமர் உகந்த திருமேனி'. ஸ்ரீரங்கத்தில் 'தானான திருமேனி'. யாத்திரை போகிறவர் மூன்று என்று எண்ணிப் போய் வருகிறார். சந்நிதியில் நின்றவருக்கோ மூன்றிலும் உடையவர் ஒருவரே. நம் பாட்டிமார்கள் இந்தக் கேள்வியில் குழம்பியதே இல்லை.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. சிமுலா செய்த இருவரில் ஒருவரான நிகார்ட், 1970-களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். கம்ப்யூட்டர் தங்கள் ஆலைக்குள் வந்து என்ன செய்கிறது, எதை எப்படி முடிவு செய்கிறது என்று தொழிலாளர்கள் அறிந்துகொண்டு, அதில் தங்கள் வார்த்தையையும் சொல்ல வேண்டும் என்பது நோக்கம். இதன் தொடர்ச்சியாக 1975-இல் அந்த நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இடையே புதிய யந்திர முறைகள் பற்றி ஓர் ஒப்பந்தமே ஏற்பட்டது. 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் பரிசு டாலுக்கும் நிகார்டுக்கும் கிடைத்தது; இருவரும் 2002-இல் காலமானார்கள். பொருள்களுக்கு யந்திரத்துக்குள் இடம் கொடுத்த மனிதரே, யந்திரத்தின் முன்னால் உட்காருகிறவர்களைத் தேடிப் போயிருக்கிறார்.

நம் நாட்டிலும் சமம் என்பதற்கு அர்த்தம் எழுதி வைத்தவர்கள் உண்டு. 1976-இல் வந்த சம ஊதியச் சட்டம், ஆணும் பெண்ணும் செய்யும் வேலை எப்போது 'ஒரே வேலை' ஆகும் என்று சொல்லிற்று. தேவைப்படும் திறமை, முயற்சி, பொறுப்பு மூன்றும் ஒன்றாக இருந்தால் சமம். நடைமுறையில் முக்கியமில்லாத வித்தியாசங்களைக் கருத வேண்டாம். 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 'அனுபவம்' என்பதையும் அதில் சேர்த்தது. போல்ட்டுக்கு ஆலைக்காரர்கள் எழுதி வைத்ததுபோல்தான் இதுவும். அந்த அர்த்தம் எழுத்தில் இருப்பதால்தான் கூலி குறைந்தவள் அதைக் காட்டிக் கேட்க முடிகிறது. அந்தப் பெட்டி மேசை அம்மாளுக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. பச்சை என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவுக்குத் திரும்புகிறேன். "சொன்னா என் வேலை போயிடுமோ, மாமா?" என்று மருமகன் கேட்டான். போகாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "அந்த அம்மாளுக்கு மூன்று நாள் கூலி போய்விட்டதே!" என்றுதான் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் அவன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான். திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. செட்டை எடுத்துவிட்டுப் பையை வைத்தான். கூலியை வாங்கிக் கொடுக்க மேலும் இரண்டு வாரம் அலைய வேண்டியிருந்தது. அந்த அம்மாள் பழைய மேசைக்கே திரும்பி வந்தார். அன்று எல்லா மேசைக்காரர்களையும் கூப்பிட்டு, விளக்கு எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று விளக்கிச் சொன்னானாம். நார்வேக்காரரைப் பற்றி நான் அவனிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

பின்னொரு நாள் அவன் அந்த மேசைப் பக்கம் போனபோது, அந்த அம்மாள் போல்ட்டுகளை ஸ்கேனரில் காட்டுவதற்கு முன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நெல் அளக்கிறவர்கள் மாதிரி, "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

"இப்பத்தான் சரி பண்ணிட்டேனே, அக்கா? அதுவே எண்ணிக்கும்" என்றிருக்கிறான்.

"பண்ணிட்டீங்க சார். இருந்தாலும் நானும் ஒரு தடவை எண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெட்டியை எடுத்தாராம்.